பென்டா ஊசியும் சாம்பிள் ரூமும்

பிறந்து ஆறு வாரம் ஆன குழந்தைக்கு பென்டா ஊசி போடும்போது இரண்டு கேள்விகள் அடிக்கடி வரும். "ஒரே மருந்தை எதுக்குங்க மூணு தடவை குத்தறீங்க?" என்பது ஒன்று. "கிருமி தானா வந்து, தானா எதிர்ப்பு சக்தி வந்தா அதுதானுங்களே நல்லது?" என்பது இன்னொன்று. ரெண்டுமே நல்ல கேள்விகள். ஆனால் புதன்கிழமை தடுப்பூசிக் கூட்டத்தில் நின்றுகொண்டு ரெண்டு நிமிடத்தில் பதில் சொல்ல முடியாது. நான் ஒரு அரசு மருத்துவமனை எம்பிபிஎஸ் டாக்டர், விஞ்ஞானி இல்லை. படித்ததை இங்கே எழுதுகிறேன். த்ரெட் கொஞ்சம் நீளம். டீ இடைவேளையில் படிங்க.

பென்டா என்றால் ஐந்து. தொண்டை அடைப்பான், கக்குவான் இருமல், டெட்டனஸ், ஹெபடைடிஸ் பி, கடைசியாக ஹிப். முதல் நான்கு பெயரும் உங்களுக்குத் தெரிந்திருக்கும். ஐந்தாவதைப் பலர் கேள்விப்பட்டதே இல்லை. இன்றைக்கு அதன் கதைதான். அதுக்கு முன்னாடி கொஞ்சம் பின்னால் போகணும்.

கோவைப் பக்கத்துக்காரங்களுக்கு பிளேக் மாரியம்மன் கோயில் தெரியாமல் இருக்காது. நூறு வருடத்துக்கு முன் இந்தப் பகுதியை பிளேக் உலுக்கியபோது வந்த பெயர் அது. வீட்டைப் பூட்டிவிட்டு ஊருக்கு வெளியே குடிசை போட்டுத் தங்கிய கதையை உங்கள் குடும்பத்துப் பெரியவங்களே சொல்லியிருக்கலாம்.

அந்த பிளேக்குக்கு முதல் தடுப்பூசி நம் நாட்டில்தான் பிறந்தது. பம்பாய் கிராண்ட் மருத்துவக் கல்லூரியில் வால்டெமார் ஹாஃப்கின் என்ற ஒடெசா ஊர்க்காரர், பிளேக் கிருமியை நெய்த்துளி மிதக்கும் இறைச்சிச் சாற்றில் வளர்த்து, சூட்டில் கொன்று, 1897 ஜனவரி 10-ம் தேதி முதலில் தன் உடம்பிலேயே போட்டுக்கொண்டார். அந்த ஊசி ஓரளவு பலன் தந்தது. ஆனால் உடம்புக்குள் என்ன நடக்கிறது என்பது அவருக்கும் தெரியாது, வேறு யாருக்கும் தெரியாது. ரத்தத்தில் கிருமியை எதிர்க்கும் ஏதோ ஒன்று உருவாகிறது என்பது மட்டும், 1890-ல் பேரிங்கும் கிடசாட்டோவும் செய்த சோதனைகளால் தெரிந்திருந்தது. அந்த 'ஏதோ ஒன்று'தான் ஆன்டிபாடி.

இங்கேதான் பெரிய தலைவலி தொடங்கியது. கார்ல் லாண்ட்ஸ்டைனர், ஆமாம், ரத்த குரூப்பைக் கண்டுபிடித்த அதே ஆள், இயற்கையில் எங்குமே இல்லாத ரசாயனங்களை ஆய்வகத்தில் தயாரித்து, புரதத்தோடு ஒட்டி விலங்குகளுக்கு ஊசி போட்டுப் பார்த்தார். அதுக்கும் கச்சிதமாகப் பொருந்தும் ஆன்டிபாடி வந்தது! உலகத்திலேயே இல்லாத ஒரு பொருளுக்கான பூட்டு உடம்பில் எப்படி முன்கூட்டியே இருக்க முடியும்?

இருக்க முடியாது, கிருமி வந்த பிறகு அதைப் பார்த்துத்தான் உடம்பு ஆன்டிபாடியை வார்க்கிறது என்றார்கள் பெரிய பெரிய ஆட்கள். 1940-ல் லைனஸ் பாலிங் எழுதியதும் இதுதான். நம்ம பாஷையில் சொன்னால், அளவெடுத்துத் தைக்கிற டெய்லர் கடை. கிருமி கடைக்குள் வரும், உடம்பு டேப் வைத்து அளக்கும், சட்டை தைக்கும். கேட்கவே நியாயமாக இருக்கிறது இல்லையா?

ஆனால் டெய்லர் கடை கதையில் ஒரு ஓட்டை. கஸ்டமர் போன பிறகும், வருடக்கணக்கில் அதே அளவுச் சட்டை வந்துகொண்டே இருப்பது எப்படி? இரண்டாம் முறை வந்தால் வேகமாகவும் இன்னும் பொருத்தமாகவும் வருவது எப்படி?

1955-ல் நீல்ஸ் ஜெர்னே என்ற டென்மார்க்காரர் கதையைத் தலைகீழாகத் திருப்பினார். ஆன்டிபாடிகள் எல்லாம் முன்பே இருக்கின்றன, வந்த பொருள் தனக்குப் பொருந்துவதைத் தேர்ந்தெடுக்கிறது, அவ்வளவுதான் என்றார். 1957-ல் ஆஸ்திரேலியாவின் மெக்ஃபார்லேன் பர்னெட் அதைச் செல்லுக்குக் கொண்டுபோனார். தேர்ந்தெடுக்கப்படுவது ஆன்டிபாடி இல்லை, அதைச் செய்யும் செல். ஒரு செல் ஒரே ஒரு டிசைன்தான் செய்யும். பொருந்துகிற செல் கிடைத்ததும் அது இரண்டாகி, நான்காகி, ஆயிரக்கணக்கில் பெருகும். அப்படி ஒரே செல்லிலிருந்து வந்த மொத்த வம்சத்துக்கும் பெயர் குளோன்.

டெய்லர் கடையை மறந்துடுங்க. இது பனியன் கம்பெனி. சாம்பிள் ரூமில் லட்சக்கணக்கில் டிசைன் தொங்குகிறது. யாருக்காக என்று தெரியாது, பெரும்பாலானவற்றை யாருமே கேட்டு வரமாட்டார்கள். பையர் வருவார், தேடுவார், ஒன்றைத் தொட்டு 'இது ஓகே' என்பார். அந்த ஒரு சாம்பிள் மட்டும் பல்க் ஆர்டருக்குப் போகும். கிருமிதான் பையர். தடுப்பூசி என்பது, கிருமியின் சட்டையைப் போட்டுக்கொண்டு அதுக்கு முன்னாடியே வந்து ஆர்டர் கொடுத்துவிட்டுப் போகும் ஆள்.

இதில் ஒரு சுவையான விஷயம். பர்னெட் இந்தக் கட்டுரையை வெளியிட்டது ஆஸ்திரேலியாவுக்கு வெளியே அதிகம் பேர் படிக்காத ஒரு சின்ன இதழில். சரியாக இருந்தால் முதலில் சொன்னது நான்தான் என்று காட்டிக்கொள்ளலாம், தப்பாக இருந்தால் பெரிதாக யாரும் கவனிக்க மாட்டார்கள் என்ற கணக்கு. அவரே பின்னாளில் சொன்னது.

அடுத்த வருடமே, 1958-ல், மெல்போர்னில் கஸ் நோசல் என்ற 27 வயது இளைஞரும் ஜோஷுவா லெடர்பெர்கும் சோதித்துப் பார்த்தார்கள். எலிகளுக்கு இரண்டு வகை சால்மொனெல்லா பாக்டீரியாவைச் சேர்த்து ஊசி போட்டார்கள். பிறகு நிணநீர்க் கட்டியிலிருந்து செல்களை எடுத்து, ஒரு சொட்டுக்கு ஒரு செல் என்று பிரித்தார்கள். அந்தச் சொட்டுக்குள் உயிருள்ள சால்மொனெல்லாவை விட்டார்கள். அது வாலை ஆட்டி நீந்துகிற கிருமி. ஆன்டிபாடி இருந்தால் நீச்சல் நின்றுவிடும். மைக்ரோஸ்கோப்பில் பார்த்தால், ஒரு செல் முதல் வகையை நிறுத்தியது, இல்லையென்றால் இரண்டாம் வகையை நிறுத்தியது. இரண்டையும் நிறுத்திய செல் ஒன்றுகூட இல்லை. ஒரு மெஷின், ஒரு டிசைன்.

பல்லடத்து மக்களுக்காக ஒரு இடைச்செருகல். இந்த செல்லுக்கு 'பி செல்' என்று பெயர் வந்ததே கோழியால்தான். கோழியின் கழிவாய்க்கு மேலே பர்சா என்று ஒரு சின்னப் பை உண்டு. அதை அறுத்து எடுத்துவிட்ட கோழிகளுக்கு சால்மொனெல்லா ஊசி போட்டபோது ஆன்டிபாடி வரவே இல்லை. அமெரிக்காவில் புரூஸ் கிளிக் என்ற மாணவரும் நண்பர்களும் கண்டது. பெரிய இதழ் திருப்பி அனுப்பிவிட, 1956-ல் கோழி வளர்ப்பு இதழ் ஒன்றில் வெளியானது. பர்சாவின் 'பி'தான் பி செல். மனிதருக்கு பர்சா கிடையாது, நமக்கு அந்த வேலை எலும்பு மஜ்ஜையில் நடக்கிறது.

சாம்பிள் ரூமில் இத்தனை டிசைன் எப்படி வந்தது? ஒவ்வொன்றுக்கும் தனி ஜீன் வைக்க நம் டிஎன்ஏவில் இடமே இல்லை. ஜப்பானின் சுசுமு டோனெகாவா 1976-ல் விடை காட்டினார். ஜீன் துண்டு துண்டாக இருக்கிறது. ஒவ்வொரு பி செல்லும் தன் துண்டுகளை வெட்டி, வெவ்வேறு விதமாகக் கோர்த்துக்கொள்கிறது. நாலு காலர், அஞ்சு கை, பத்து கலர் வைத்துக்கொண்டு எத்தனை டிசைன் போடலாம் என்று மெர்ச்சண்டைசரைக் கேட்டுப் பாருங்க. டோனெகாவாவுக்கு 1987-ல் நோபல் கிடைத்தது.

சரி, இப்போ ஹிப்.

முழுப்பெயர் ஹீமோஃபிலஸ் இன்ஃப்ளூயன்சே டைப் பி. பெயரே ஒரு பழைய தப்பு. 1892-ல் ஃப்ளூ காய்ச்சலுக்கு இதுதான் காரணம் என்று தவறாக நினைத்து வைத்தது. ஃப்ளூ வைரஸால் வருவது, இது பாக்டீரியா. 1931-ல் மார்கரெட் பிட்மன் என்ற பெண் விஞ்ஞானி இந்தக் கிருமியில் சில வகைகள் தடித்த சர்க்கரை உறை போர்த்தியிருப்பதைக் கண்டார். அதில் குழந்தைகளைத் தாக்கிக் கொல்வது 'பி' வகை. மூளை உறைக் காய்ச்சல், நிமோனியா, தொண்டை மூடி வீங்கி மூச்சடைப்பது என்று எல்லாமே வரும். பிழைத்த குழந்தைகளில் சிலருக்குக் காது போகும், சிலருக்கு வலிப்பு நிற்காது. இருமல், தும்மல் வழியாகப் பரவுவதால் நெருக்கமான வீடுகள் அதுக்கு வசதி. ஒரே அறையில் ஆறு பேர் படுக்கிற லைன் வீடுகளை நினைத்துக்கொள்ளுங்க.

1933-ல் பாஸ்டனில் ஃபாதர்கில், ரைட் என்ற இருவர் ஒரு வரைபடம் போட்டார்கள். இன்றும் மருத்துவ மாணவர்களுக்கு அதைக் காட்டுகிறோம். ஒரு கோடு, எந்த வயதில் இந்த மூளை உறைக் காய்ச்சல் வருகிறது என்பது. இன்னொரு கோடு, எந்த வயதில் ரத்தத்துக்கு இந்தக் கிருமியைக் கொல்லும் சக்தி இருக்கிறது என்பது. பிறந்த குழந்தைக்கு அம்மா கொடுத்த ஆன்டிபாடி இருக்கிறது, நோய் இல்லை. இரண்டு மாதத்துக்கு மேல் அது தீர்கிறது, நோய் ஏறுகிறது. மூன்று வயதுக்கு மேல் குழந்தை தானே தயாரிக்கத் தொடங்குகிறது, நோய் இறங்குகிறது. நடுவில் இருக்கும் அந்தப் பள்ளத்தில்தான் குழந்தைகள் விழுந்துகொண்டிருந்தார்கள்.

அப்போ அந்தச் சர்க்கரை உறையை மட்டும் எடுத்து ஊசியாகப் போட்டால்? 1974-ல் ஃபின்லாந்தில் சுமார் 1 லட்சம் குழந்தைகளிடம் செய்து பார்த்தார்கள். ஒன்றரை வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு நன்றாக வேலை செய்தது. அதுக்குக் கீழே பலனே இல்லை. எந்த வயதுக்கு ஊசி தேவையோ அந்த வயதுக்கு அது உதவவில்லை!

காரணம் பிறகு புரிந்தது. பி செல் பல்க் ஆர்டரைத் தொடங்க, டி செல் என்ற இன்னொருவர் கையெழுத்துப் போடணும். டி செல்லுக்குப் புரத மொழிதான் தெரியும், சர்க்கரை மொழி தெரியாது. பெரியவர்களின் பி செல் கையெழுத்து இல்லாமலேயே சர்க்கரைக்குக் கொஞ்சம் வேலை செய்துவிடும். பச்சைக் குழந்தையின் பி செல்லால் அது முடியாது.

"தானா வந்தா நல்லதுதானுங்களே" என்ற கேள்விக்கு வருவோம். இரண்டு வயதுக்குக் கீழே ஹிப் நோயே வந்து, ஐசியூவில் கிடந்து, பிழைத்து வந்த குழந்தைக்கும்கூடப் பல நேரம் போதுமான ஆன்டிபாடி உருவாவதில்லை. அதே கிருமி மறுபடி தாக்கலாம். அதனால்தான் நோய் வந்து குணமான அந்த வயதுக் குழந்தைக்கும் தடுப்பூசி போடணும் என்று மருத்துவ நூல்களில் எழுதியிருக்கிறது. எல்லா நோயிலும் இப்படி இல்லை. தட்டம்மை வந்தால் வாழ்நாள் எதிர்ப்பு வரும். ஹிப் அப்படியில்லை.

தீர்வு பழைய நோட்டில் இருந்தது. சர்க்கரையைப் புரதத்தோடு ஒட்டினால் ஆன்டிபாடி நன்றாக வருகிறது என்று ஆஸ்வால்ட் ஏவரியும் கோபெலும் 1929-லேயே முயலில் காட்டியிருந்தார்கள். ஐம்பது வருடம் கழித்து ஜான் ராபின்ஸ், ரேச்சல் ஷ்னீர்சன் ஒரு பக்கமும், போர்ட்டர் ஆண்டர்சன், டேவிட் ஸ்மித் இன்னொரு பக்கமும் அதை ஹிப்புக்குச் செய்தார்கள். பி செல் சர்க்கரையைப் பிடித்து விழுங்கும்போது ஒட்டியிருக்கும் புரதமும் உள்ளே போகிறது. பி செல் அதைத் துண்டாக்கி டி செல்லிடம் நீட்டுகிறது. டி செல் 'அட, தெரிஞ்ச ஆளு' என்று கையெழுத்துப் போட்டுவிடுகிறது. 1987-ல் இப்படிப்பட்ட முதல் ஊசி அமெரிக்காவில் அனுமதி பெற்றது. நால்வருக்கும் 1996-ல் லாஸ்கர் விருது.

ஊசி போட்ட பிறகு சாம்பிள் ரூமில் எந்த டிசைன் தேர்வாகிறது என்று யாராவது எண்ணிப் பார்த்தார்களா? பார்த்தார்கள். என்னை உட்கார வைத்துப் படிக்க வைத்தது இந்த இடம்தான். ராச்செஸ்டரில் ரிச்சர்ட் இன்செல் குழுவினர், ஊசி போட்ட பெரியவர்களின் ஹிப் ஆன்டிபாடியை மின்சாரம் பாயும் ஜெல்லில் ஓட விட்டார்கள். பல ஆயிரம் டிசைன் இருந்தால் சாயப்பட்டறைத் தண்ணீர் மாதிரி கலங்கலாகத் தெரியணும். தெரிந்தது ஒரு சில தெளிவான கோடுகள். அதாவது ஒரு சில குளோன்கள்தான் மொத்த ஆர்டரையும் எடுத்து ஓட்டுகின்றன. அதைவிட ஆச்சரியம், சம்பந்தமே இல்லாத ஆட்களின் கோடுகளும் ஒரே இடத்தில் நின்றன. 1985-ல் வெளியான முடிவு இது.

பின்னால் வந்த ஆய்வுகள் ஜீன் வரைக்கும் போயின. ஆன்டிபாடியின் லேசான சங்கிலிக்கு ஏ2 என்ற ஒரு ஜீன் துண்டு. பெரும்பாலான மனிதர்களின் ஹிப் எதிர்ப்பில் இதுதான் முக்கியப் பங்கு. கனமான சங்கிலிக்கு விஹெச்3 என்ற ஒரு குடும்பம். லேசான சங்கிலியின் ஜீன் துண்டுகள் சேரும் மூட்டில் ஒரு அர்ஜினின். ஹிப்பின் உறை ஒரே சின்ன அலகு திரும்பத் திரும்பக் கோர்த்த எளிய சர்க்கரை என்பதால், அதுக்குப் பொருந்தும் டிசைனும் கொஞ்சம்தான். புரதத்தால் ஆன டெட்டனஸ் டாக்ஸாய்டில் பிடிக்க இடங்கள் நிறைய, குளோன்களும் நிறைய.

ஒரு சில டிசைனை நம்பியே தொழில் நடந்தால், அந்த டிசைனுக்கான துணி கிடைக்காத வீட்டில் என்ன ஆகும்?

அமெரிக்காவின் நவாஹோ பழங்குடிக் குழந்தைகளுக்கு ஹிப் நோய் மற்ற அமெரிக்கக் குழந்தைகளைவிடப் பல மடங்கு அதிகம் வந்தது. 1996-ல் ஆன் ஃபீனி குழு ஒரு விஷயத்தைக் கண்டது. பல நவாஹோ மக்களிடம் இருக்கும் ஏ2 ஜீனின் ஒரு வடிவத்தில், வெட்டிக் கோர்க்கும் இடத்தைக் குறிக்கும் எழுத்துகளில் ஒன்று மாறியிருக்கிறது. அதனால் அந்தத் துண்டு சரியாகக் கோர்க்கப்படுவதில்லை. நோய் அதிகமாக இருப்பதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம் என்று எழுதினார்கள். 'இருக்கலாம்' என்ற சொல்லைக் கவனிங்க. குடிநீர்க் குழாய் இல்லாத, கூட்டமான, ஏழை வீடுகளும் அங்கே உண்டு. எல்லாப் பழியையும் ஜீன் மேல் போட்டுவிட்டுக் கையைக் கழுவுவது எனக்கு ஒப்பாது.

அந்த மக்களிடம் ஹிப் ஊசியை நிரூபித்தவர் யார் தெரியுமா? மதுரம் சந்தோஷம். நம்ம புதுச்சேரி ஜிப்மரில் மருத்துவம் படித்து, ஜான்ஸ் ஹாப்கின்ஸ் போன குழந்தை மருத்துவர். முதலில் அப்பாச்சி குழந்தைகளுக்குத் தயார் நிலை ஆன்டிபாடியையே ஊசியாகக் கொடுத்துப் பார்த்தார். பாதுகாத்தது, ஆனால் சில மாதம்தான். பையர் வந்து ஆர்டர் கொடுக்கவில்லை, வெளிச் சரக்கை இறக்கி விற்றால் ஸ்டாக் தீர்ந்துவிடும்தானே? பிறகு 5,000-க்கும் மேற்பட்ட நவாஹோ குழந்தைகளிடம், புரதத்தோடு ஒட்டிய ஹிப் ஊசியைச் சோதித்தார். 1991-ல் முடிவு வெளியானது. பாதுகாப்பு 90 சதவீதத்துக்கும் மேல். ஜீன் துண்டில் குறை இருந்தாலும், டி செல்லின் கையெழுத்து கிடைத்ததும் சாம்பிள் ரூமில் மிச்சம் இருந்த டிசைன்கள் வேலையை முடித்தன.

இந்த வருடத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்க. 1991. நம்ம ஊர் அரசு மருத்துவமனைக்கு அந்த ஊசி வந்தது எப்போ? 2011 டிசம்பர். அதுவும் இந்தியாவில் முதலில் தமிழ்நாட்டுக்கும் கேரளாவுக்கும்தான். மற்ற மாநிலங்களுக்கு மெதுவாகப் போய், நாடு முழுக்கச் சேர 2015 வாக்கில் ஆகிவிட்டது.

இருபது வருடம் என்ன செய்தோம்? வாதாடினோம். இந்தியாவில் ஹிப் நோயே அபூர்வம், இது கம்பெனிகளின் வியாபாரம் என்று மதிப்புக்குரிய மருத்துவர்களே சொன்னார்கள். அவர்கள் கேட்ட கேள்வி நியாயமானது. ஆனால் பதில் கண்ணுக்குத் தெரியாமல் போனதற்குக் காரணம் நம் லேப்தான். ஹிப் கிருமி சாதாரணத் தட்டில் வளராது. சாக்லேட் அகார் வேணும். சாக்லேட் இல்லீங்க, ரத்தத்தைச் சூடாக்கினால் வரும் நிறம். அதோடு, காய்ச்சல் என்றதும் மருந்துக் கடையில் ரெண்டு ஆன்டிபயாடிக் வாங்கிக் கொடுத்துவிட்டு, பிறகு முதுகில் நீர் எடுத்தால் கிருமி ஏற்கெனவே செத்திருக்கும். தேடாத இடத்தில் 'இல்லை' என்று எழுதினோம்.

தேடியவர்களுக்குக் கிடைத்தது. வேலூர் சிஎம்சி உள்ளிட்ட 6 மருத்துவமனைகள் 1993 முதல் 1997 வரை ஒழுங்காகத் தேடியபோது 125 பேரிடம் இந்தக் கிருமி பிடிபட்டது. அதில் 97 சதவீதம் டைப் பி. பெரும்பாலோர் 5 வயதுக்குட்பட்டவர்கள். அதுக்குப் பிறகும் 2008-ல்தான் தேசியத் தடுப்பூசி ஆலோசனைக் குழு பரிந்துரைத்தது, பிறகு டெல்லி உயர் நீதிமன்றத்தில் பொதுநல வழக்கு. இலங்கையில் 2008 ஜனவரியில் பென்டா தொடங்கி, சில குழந்தைகளின் மரணத்துக்குப் பிறகு ஏப்ரலில் நிறுத்தினார்கள். நிபுணர்கள் ஆராய்ந்து, ஊசிதான் காரணம் என்பதற்கு ஆதாரம் இல்லை என்ற பிறகு 2010-ல் மறுபடி தொடங்கினார்கள். நிறுத்தி ஆராய்ந்ததும் சரி, தொடங்கியதும் சரி. ஆனால் 2011-க்கு முந்தைய அந்த வருடங்களில் தனியார் கிளினிக்கில் காசு கொடுக்க முடிந்தவர் குழந்தைக்கு ஹிப் ஊசி கிடைத்துக்கொண்டுதான் இருந்தது. செக்கிங் வேலைக்குப் போகிற அம்மாவின் குழந்தைக்கு மட்டும்தான் 'நோய் அபூர்வம்'.

கடைசியாக, ஏன் மூன்று தடவை? நம் பென்டாவில் ஹிப் சர்க்கரை டெட்டனஸ் டாக்ஸாய்டோடு ஒட்டி வருகிறது. ஆறாவது வாரம் முதல் டோஸில் பொருத்தமான சில பி செல்கள் விழிக்கும். குழந்தையின் ரத்தத்தில் ஆன்டிபாடி பெரும்பாலும் குறைவாகத்தான் இருக்கும். சாம்பிள் ஓகே ஆனதோடு சரி, சரக்கு வரவில்லை. பத்தாவது, பதினான்காவது வாரங்களில் திரும்ப ஊசி போடும்போது அதே குளோன்கள் பெருகுகின்றன. பெருகும்போது ஜீனில் சின்னச் சின்ன மாற்றம் செய்து பார்க்கின்றன. நன்றாகப் பொருந்துவது நிலைக்கும், பொருந்தாதது கழியும். ஃபிட் சாம்பிளைத் திருப்பி அனுப்பி, கழுத்தை அரை இஞ்ச் குறைத்து, மறுபடி அனுப்புவது மாதிரி. ஒரு டோஸோடு நிறுத்தினால் ஃபாதர்கில் வரைந்த அந்தப் பள்ளத்தில் குழந்தையைப் பாதி வழியில் விட்டதாகத்தான் அர்த்தம்.

இது திருப்பூருக்கு ஏன் முக்கியம் என்றால், முதல் ஊசி ஒடிசாவிலோ பீகாரிலோ போட்டுக்கொண்டு, அப்பா வேலைக்கு வந்த இடத்தில் இரண்டாவது தவறிப்போகும் குழந்தைகள் இங்கே நிறைய. தேதி தாண்டிவிட்டது, திட்டுவாங்க என்று பயந்து வராமல் இருந்துவிடுகிறார்கள். உங்கள் லைன் வீட்டிலோ கம்பெனி குவார்ட்டர்ஸிலோ அப்படி ஒரு குழந்தை இருந்தால் இதைச் சொல்லுங்க. தேதி தவறினால் முதலிலிருந்து தொடங்க வேண்டியதில்லை. முதல் டோஸில் விழித்த செல்களில் சில நினைவுச் செல்களாகக் காத்திருக்கும், மாநிலம் மாறினாலும் அவை குழந்தையோடுதான் வரும். விட்ட இடத்திலிருந்து, டோஸுக்கு டோஸ் நாலு வாரம் இடைவெளி விட்டுத் தொடர்வோம். ஒரு டோஸ்கூடப் போடாத குழந்தை என்றால் மட்டும் அவசரம், அரசுத் திட்டத்தில் பென்டாவை ஒரு வயதுக்குள் தொடங்கியாக வேண்டும். அட்டை எந்த மொழியில் இருந்தாலும் எடுத்துட்டு வாங்க. தேதியும் ஊசிப் பெயரும் போதும், படித்துக்கொள்வோம்.